அப்பாவின் பீட்டா கேசட்டுகளும் 4கே கருவியும்: வாங்கலாமா, காத்திருக்கலாமா?

லயத்துவீட்டுப்பெண் (சுங்கை சிப்புட்) கேட்கிறார்:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் அப்பாவின் அறையை ஒழித்தோம். தோட்டத்து லயத்திலிருந்து தாமான் வீட்டுக்கு வந்தபோது தூக்கிக்கொண்டு வந்த தகர அலமாரி ஒன்று, அதன் பிறகு யாரும் சரியாகத் திறந்ததே இல்லை. உள்ளே ஒரு பீட்டா வீடியோ கருவி, 43 பீட்டா கேசட், ஒரு பிஸ்கட் டின் நிறைய விசிடி தட்டு, பழுதான டிவிடி பிளேயர் இரண்டு. எங்கள் வீட்டில் படம் பார்க்க வாங்கியதெல்லாம் அந்த ஒரே அலமாரியில் வரிசையாக நின்றது.

பீட்டா வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 1984. தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படித்தேன். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினார்கள். இருபது பேர் சேர்ந்த சீட்டு, மாதம் 50 வெள்ளி. எங்கள் முறை வந்ததும் ஆயிரம் வெள்ளியோடு தீபாவளிக் காசையும் சேர்த்து எடுத்துக்கொண்டு அப்பா ஈப்போவுக்குப் பஸ் ஏறினார். கடைக்காரர் "பீட்டாவில்தான் படம் தெளிவு, கேசட்டும் சின்னது" என்று சொல்லியிருக்கிறார். அப்பா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸிலேயே திரும்பினார். தோட்டத்து ஜெனரேட்டர் ராத்திரி பத்து மணிக்கு நின்றுவிடும். அதனால் ஏழு மணிக்குள் படம் போட்டாக வேண்டும். எங்கள் வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடம் இருக்காது.

இரண்டு வருடம் ஓடியது. அப்புறம் டவுனில் வாடகைக்குக் கொடுக்கும் கடையில் பீட்டா அலமாரியே காணாமல் போய்விட்டது. எல்லாம் விஎச்எஸ் என்ற போட்டி வகை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கருவியின் மேல் அம்மா பின்னிய பூத்துணியைப் போட்டு மூடி வைத்தார். வெள்ளிக்கிழமைதோறும் சாமிப் படங்களைத் துடைக்கும்போது அதையும் துடைப்பார். படம் பார்க்க மூன்றாவது வீட்டுக்குப் போனோம்.

பிறகு அண்ணன் 1997இல் விசிடி வாங்கினார், 2004இல் டிவிடி. இப்போது அப்பாவுக்கு 79 வயது. இந்தத் தீபாவளிக்கு, டிவிடியைவிட மிகத் தெளிவாகப் படம் காட்டும் 4கே புளூ-ரே கருவி ஒன்று வாங்கிக் கொடுப்போம் என்கிறார் அண்ணன். ஈப்போவில் விசாரித்தேன். ஒரே மாடல்தான் இருக்கிறது, "கடைசி ஸ்டாக், விலை குறைத்திருக்கிறோம்" என்றார்கள். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குப் பீட்டா ஞாபகம் வந்துவிட்டது.

நான் கேட்க வந்தது இதுதான். இப்படி இரண்டு மூன்று வகைகள் போட்டி போடுவதால் விலை குறைகிறது என்கிறார்களே, அது நம்மைப் போன்றவர்களுக்கு உண்மையிலேயே நல்லதா? எங்கள் வீட்டில் நாங்கள்தான் ஒவ்வொரு முறையும் தப்பாகத் தேர்ந்தெடுத்தோமா? இப்போது வாங்கலாமா, காத்திருக்கலாமா?

இன்னொன்று. அந்த 43இல் ஒன்று 1986இல் நடந்த என் அத்தை கல்யாணம். பாட்டி நடமாடுகிற மாதிரி இருப்பது அந்த ஒரு கேசட்டில் மட்டும்தான். அதைக் காப்பாற்ற வழி உண்டா?

---

பழையவீடியோக்கடை (குவாலா கங்சார்) பதில்:

தங்கச்சி, 1983 முதல் 2004 வரை பேராவில் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சின்ன டவுனில் வீடியோ கடை வைத்திருந்தவன் நான். உங்கள் அப்பா படம் எடுக்க வந்த கடை என்னுடையதாகவே இருந்திருக்கலாம். அதனால் இதற்கு நான் பதில் சொல்லாமல் போனால் மனசு கேட்காது.

முதலில் அப்பாவிடம் சொல்லுங்கள், அவர் தப்பாக வாங்கவில்லை. 1984இல் என் கடையில் பாதி அலமாரி பீட்டா. சோனி அதை 1975இல் விட்டது, ஜேவிசி விஎச்எஸ்ஸை அடுத்த வருடம் விட்டது. எட்டு ஒன்பது வருடம் கழித்தும் எங்கள் பக்கம் எது நிற்கும் என்று கடைக்காரன் எனக்கே தெரியாது. தெரிந்திருந்தால் இரண்டையும் வாங்கி அடுக்கியிருப்பேனா?

இணையத்தில் எங்கே பார்த்தாலும் ஒரு கதை சொல்கிறார்கள்: பீட்டாவில் ஒரு மணி நேரம்தான் பதியும், விஎச்எஸ்ஸில் இரண்டு மணி நேரம், அதனால்தான் பீட்டா தோற்றது என்று. அது அமெரிக்காவின் கதை, அதுவும் தொடக்க காலத்துக் கதை. நம் நாட்டில் ஓடியது பிஏஎல் என்ற டிவி முறை. இங்கே எல்-750 என்ற பீட்டா கேசட்டில் 195 நிமிடம் ஓடும். விஎச்எஸ்ஸில் எல்லோரும் வாங்கிய ஈ-180இல் பெயரில் இருக்கிற மாதிரி 180 நிமிடம். மூன்று மணி நேரத் தமிழ்ப் படம் பீட்டாவில் தாராளமாக அடங்கும், விஎச்எஸ்ஸில் சில படத்துக்குக் கடைசிக் கும்பிடு வெட்டுப்படும். ஆக நம் ஊரில் நேரம் ஒரு காரணமே இல்லை. படமும் பீட்டாவில் மோசமில்லை. உங்கள் அப்பாவுக்குக் கடைக்காரர் சொன்னதில் பொய் கிடையாது.

பிறகு எதனால் போயிற்று? எங்கள் பக்கத்தில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

புதுப் படம் வந்தால் எனக்கு ஐந்து பிரதி எடுக்கத்தான் கை தாங்கும். கருவி ஒரே வகையாக இருந்திருந்தால் ஐந்தும் எல்லோருக்கும் பயன்படும். இரண்டு வகை என்பதால் மூன்று விஎச்எஸ், இரண்டு பீட்டா என்று பிரித்தேன். சனிக்கிழமை சம்பளம் போட்ட கையோடு தோட்டத்திலிருந்து வருவார்கள். பீட்டா இரண்டும் வெளியே போயிருக்கும். வந்தவர் வெறுங்கையோடு சைக்கிளைத் திருப்புவார். இப்படி இரண்டு வாரம் திரும்பியவர், தம்பிக்கோ மச்சானுக்கோ கருவி வாங்கப் போகும்போது என்ன சொல்லி அனுப்புவார்? "விஎச்எஸ் வாங்கு, படம் கிடைக்கும்" என்பார். விஎச்எஸ் ஆட்கள் கூடக்கூட நானும் நாலுக்கு ஒன்று என்று மாற்றினேன். பிறகு ஐந்துக்குச் சைபர். ஜப்பானில் யார் யாருக்கு உரிமம் கொடுத்தார்கள் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. என் டவுனில் பீட்டாவை அலமாரியிலிருந்து எடுத்தது நான்தான். வேறு வழி இல்லாமல்தான் செய்தேன், ஆனாலும் இன்றைக்கும் அது உறுத்துகிறது.

லயத்துக்குள்ளும் இதே கணக்குத்தான். ஒரு வரிசையில் இருபது வீடு, கருவி மூன்று வீட்டில். மூன்றும் ஒரே வகை என்றால் ஒருவர் எடுத்த கேசட் இரண்டு நாளில் மூன்று வீட்டையும் சுற்றிவிட்டு என்னிடம் வரும். வாடகை இரண்டு வெள்ளி, பார்த்தவர்கள் ஐம்பது பேர். இதில் ஒருவர் மட்டும் பீட்டா வைத்திருந்தால் அவர் தனியாகத்தான் காசு கொடுக்க வேண்டும். கருவி விலையை எல்லோரும் விசாரிப்பார்கள். இந்தக் காசை யாரும் கணக்கில் சேர்த்ததில்லை.

இப்போது விலைக்கு வருகிறேன், உங்கள் கேள்வியின் உயிர் அதில்தான் இருக்கிறது.

விலை இறங்குவதில் இரண்டு விதம் உண்டு, தங்கச்சி. இரண்டும் அட்டையில் ஒரே மாதிரிதான் தெரியும்.

ஒரு விதம், ஒரே வகையைப் பல பேர் செய்வதால் இறங்குவது. விஎச்எஸ்ஸை ஜேவிசி பலருக்கும் திறந்துவிட்டது. நேஷனல் செய்தது, ஹிட்டாச்சி செய்தது, ஷார்ப், மிட்சுபிஷி, அக்காய் எல்லாரும் செய்தார்கள். ஒரு கம்பெனி விலை ஏற்றினால் பக்கத்திலேயே இன்னொன்று நிற்கும். அந்த இறக்கம் வருடா வருடம் நடந்தது, பின்வாங்கவே இல்லை. பீட்டா பக்கமும் சோனி ஒன்றுமட்டும் இல்லை. சான்யோ, தோஷிபா, என்இசி இருந்தார்கள். சான்யோ கருவி கைக்கு அடக்கமான விலையில் கிடைத்ததால் அதை வாங்கியவர்கள் என் வாடிக்கையாளர்களிலேயே பலர். ஆனால் ஒட்டுமொத்தமாக விஎச்எஸ் பக்கம் கூட்டம் பெரிது.

இன்னொரு விதம், கடை காலி செய்வதற்காக இறக்குவது. 1987 வாக்கில் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் ஒரு மண்டோர் என் கடைக்கு வந்தார். புதுக் கருவி வாங்கிய சந்தோஷம், வாரன்டி அட்டையைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். "நானூறு வெள்ளி குறைச்சுக் குடுத்துட்டான், தம்பி" என்றார். பீட்டா. நான் என் அலமாரியைக் காட்டினேன். பதினோரு கேசட் மிச்சம் இருந்தது, எல்லாம் பழைய படம். தீபாவளிக்குப் பிறகு அதையும் எடுத்துவிடுவேன் என்று சொல்ல வேண்டி வந்தது. அவர் வாரன்டி அட்டையை எடுத்துப் பார்த்தார், மறுபடியும் மடித்துப் பைக்குள் வைத்தார். பதினோரு கேசட்டையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பெயர் படித்தார். ஒன்றும் எடுக்காமல் போனார். அவர் மிச்சம் பிடித்த நானூறு வெள்ளி யாருக்கு உதவியது? கருவியை விற்றுத் தள்ளிய கடைக்கு.

அடுத்த வருடமே, 1988இல், சோனியே விஎச்எஸ் கருவி செய்ய ஆரம்பித்தது. அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்தபோது எனக்கு அந்த மண்டோர் முகம்தான் வந்தது.

அதனால் ஒரு பொருள் மலிவாகும்போது, அது ஏன் மலிவாகிறது என்று பாருங்கள். எத்தனை கம்பெனி செய்கிறது, புதுப் படம் அதில் வருகிறதா, இரண்டையும் விசாரித்தால் போதும், விற்கிறவர் சொல்லாததும் தெரிந்துவிடும்.

விசிடி விஷயத்தில் உங்கள் அண்ணன் நன்றாகவே வாங்கியிருக்கிறார். 1993இல் வந்த வகை அது. படத் தரம் விஎச்எஸ் மாதிரிதான், ஓடுகிற காட்சியில் கட்டம் கட்டமாக உடையும். ஒரு தட்டில் 74 நிமிடம், ஒரு படத்துக்கு இரண்டு தட்டு, சிலவற்றுக்கு மூன்று. நம் படத்தில் இடைவேளை இருப்பதால் தட்டு மாற்ற எழுந்திருப்பது யாருக்கும் தொந்தரவாகத் தெரியவில்லை, அந்த நேரத்தில் தேத்தண்ணி போட்டுவிடுவார்கள். பூட்டு கிடையாது, எந்த நாட்டுத் தட்டும் எந்தக் கருவியிலும் ஓடும். சீனாவில் ஏகப்பட்ட தொழிற்சாலை அதைச் செய்தது, பெயரே கேள்விப்படாத பிராண்டெல்லாம் வந்தது. கருவி விலை படிப்படியாக இல்லை, தடதடவென்று இறங்கியது. பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் தட்டு ஐந்து வெள்ளிக்குக் கூவி விற்றார்கள், அதில் பெரும்பகுதி திருட்டுத் தட்டு. அதைத் தடுக்க அரசாங்கம் 2000இல் ஒளித்தட்டுச் சட்டம் கொண்டுவந்தது. என் கடை மூடியதற்கு அந்தத் தட்டுகளும் ஒரு காரணம், ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தோட்டத்து ஈரத்தில் கேசட் பூஞ்சணம் பிடித்துப் போகும், தட்டுக்கு அந்தக் கவலை இல்லை. ஏழை வீட்டுக்கு அது பெரிய விஷயம்.

டிவிடியிலும் இரண்டு வகை வந்திருக்க வேண்டியது. சோனியும் பிலிப்ஸும் ஒரு பக்கம், தோஷிபாவும் டைம் வார்னரும் மறு பக்கம். கணினிக் கம்பெனிகள் சேர்ந்து, ஒன்றாக வாருங்கள், இல்லையென்றால் இரண்டையும் தொடமாட்டோம் என்று நின்றார்கள். 1995இல் ஒத்துப்போனார்கள், அடுத்த வருடக் கடைசியில் ஜப்பானில் டிவிடி வந்தது. உங்கள் அண்ணன் 2004இல் வாங்கும்போது எது ஓடும் என்ற கேள்வியே இல்லை பாருங்கள், விலை மட்டும்தான் பார்த்திருப்பார். மக்களுக்கு நல்லது செய்த போட்டி என்றால் நான் அதைத்தான் சொல்வேன்: வகை ஒன்று, செய்கிறவர் நூறு பேர்.

4கே பற்றி எனக்கு அவ்வளவு தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

---

பாயான்_லெப்பாஸ்_இரவுஷிப்டு பதில்:

அண்ணே, உங்கள் பதிலை என் கணவருக்கும் படித்துக் காட்டினேன். அவரும் தோட்டத்துப் பிள்ளைதான், பீடோங் பக்கம்.

நான் பினாங்கில் மின்னணுத் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் வேலை செய்தேன். உங்கள் "இரண்டு விதம்" 2006இல் மறுபடியும் அப்படியே நடந்தது, டிவிடிக்கு அடுத்து வந்த ஹெச்டி டிவிடியும் புளூ-ரேயும் மோதியபோது. அதில் நானே ஏமாந்தவள் என்பதால் விவரமாகச் சொல்கிறேன்.

இரண்டும் ஒரே நீல ஊதா லேசர்தான், 405 நானோமீட்டர். தட்டில் தகவல் படியும் பரப்பு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதில் பிரிந்தார்கள். ஹெச்டி டிவிடியில் 0.6 மில்லிமீட்டர், பழைய டிவிடிக்கு இருந்த அதே அளவு. அதனால் பழைய டிவிடி தொழிற்சாலையையே கொஞ்சம் மாற்றித் தட்டு அடிக்கலாம், செலவு குறைவு. ஆனால் ஒரு அடுக்கில் 15 கிகாபைட்தான். புளூ-ரேயில் 0.1 மில்லிமீட்டர். 25 கிகாபைட் கொள்ளும், ஆனால் புது இயந்திரம் போட வேண்டும். ஒன்று மலிவு, ஒன்று கொள்ளளவு. இப்படிப் பார்த்தால் நம் கையில் காசு குறைவு, மலிவானதை வாங்கலாம் என்றுதானே தோன்றும்?

அமெரிக்காவில் தோஷிபாவின் முதல் ஹெச்டி டிவிடி கருவி 499 டாலர், சாம்சுங்கின் முதல் புளூ-ரே 999 டாலர். ஒன்றரை வருடத்தில், 2007 நவம்பரில், தோஷிபாவின் ஒரு மாடலை வால்மார்ட்டில் 98.87 டாலருக்குத் தள்ளினார்கள். எல்லோரும் ஹெச்டி டிவிடி ஜெயித்துவிட்டது என்றார்கள். 2008 ஜனவரி 4ஆம் தேதி வார்னர் புளூ-ரேக்கு மட்டும்தான் படம் கொடுப்போம் என்று அறிவித்தது. பிப்ரவரி 19ஆம் தேதி தோஷிபா கைகழுவிவிட்டது. ஏழு வாரம்கூட முழுசாக ஆகவில்லை.

என் நாத்தனார் அப்போது சிங்கப்பூரிலிருந்து எனக்கு ஒரு ஹெச்டி டிவிடி கருவி வாங்கி வந்தார். பாதி விலை என்று இரண்டு பேருக்கும் பெருமை. அதோடு வந்த படம் நாலு. அந்த நாலையும்தான் நாங்கள் பார்த்தோம், மறுபடி மறுபடி. அந்த மண்டோர் பதினோரு பெயரையும் படித்தார் என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தில் நான் நிறுத்திவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

இதில் பலரும் பேசாத ஒரு நஷ்டம் உண்டு. அந்த இரண்டு வருடமும் படக் கம்பெனிகள் பிரிந்து நின்றன. டிஸ்னி, ஃபாக்ஸ், சோனி படம் வேண்டுமென்றால் புளூ-ரே, யுனிவர்சல் படம் வேண்டுமென்றால் ஹெச்டி டிவிடி. இரண்டும் ஓடும் கருவி ஒன்றை எல்ஜி 2007இல் விட்டது, விலை 1,199 டாலர். சண்டை போடுவது அவர்கள், சமாதானத்துக்குக் காசு கொடுப்பது நாம். பெரும்பாலானவர்கள் ஒன்றும் வாங்காமல் டிவிடியோடு இருந்தார்கள். அவர்கள் செய்ததுதான் சரி என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சோனி தன் விளையாட்டுக் கருவியான பிளேஸ்டேஷன் 3க்குள் புளூ-ரேயை வைத்தே விற்றது. வாங்கியவர்கள் விளையாடத்தான் வாங்கினார்கள், ஆனால் வீட்டில் புளூ-ரே வந்து உட்கார்ந்துவிட்டது. ஐந்து பிரதியை எப்படிப் பிரிப்பது என்று நீங்கள் கணக்குப் போட்டீர்களே, அதே கணக்கைத்தான் படக் கம்பெனிகளும் போட்டன.

அக்கா, உங்கள் 4கே கேள்விக்கு: 4கே புளூ-ரே 2016இல் வந்தது. ஒப்போ 2018இல் விலகியது, சாம்சுங் 2019இல் புதுக் கருவி விடுவதை நிறுத்தியது. இன்று செய்கிறவர்கள் மிகக் குறைவு. எத்தனை கம்பெனி செய்கிறது என்று வீடியோக்கடை அண்ணன் சொன்ன முதல் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. அதிலும் ஒரு சின்னச் சண்டை உண்டு: வெளிச்சத்தையும் நிறத்தையும் இன்னும் நன்றாகக் காட்டும் ஹெச்டிஆர் முறையில் டால்பி விஷன், ஹெச்டிஆர்10+ என்று இரண்டு. சாம்சுங் டிவியில் டால்பி விஷன் கிடையாது. நல்லவேளையாக, ஹெச்டிஆர் உள்ள 4கே தட்டு எல்லாவற்றிலும் சாதாரண ஹெச்டிஆர்10 கட்டாயம் இருக்கும், அதனால் படமே வராமல் போகாது.

---

லயத்துவீட்டுப்பெண் பதில்:

இரண்டு பேருக்கும் நன்றி. வீடியோக்கடை அண்ணன் எழுதியதை அப்பாவுக்குச் சத்தமாகப் படித்தேன். "195 நிமிடம்" என்ற இடத்தில் நிறுத்தி, "இன்னொரு தரம் படி" என்றார். படித்தேன். "அப்ப படம் முழுசா வந்துச்சு. நான் அப்பவே சொன்னேன்ல" என்று அம்மா படத்தைப் பார்த்துச் சொன்னார். நாற்பது வருடமாக அவர் அதை மனசில் வைத்திருக்கிறார் என்று எனக்கு இப்போதுதான் தெரியும்.

அப்பா பார்க்க ஆசைப்படுவது பழைய தமிழ்ப் படங்கள்தான். இந்தியாவிலிருந்து டிவிடி, புளூ-ரே வரவழைத்தால் இங்கே ஓடுமா? நாட்டுக்கு நாடு எண் வேறு என்கிறார்களே?

---

பாயான்_லெப்பாஸ்_இரவுஷிப்டு பதில்:

டிவிடிக்கு நாம் 3ஆம் எண், இந்தியா 5. புளூ-ரேயில் நாம் ஏ, இந்தியா சி. அட்டையின் பின்பக்கம் உருண்டைப் படத்துக்குள் எண் போட்டிருப்பார்கள். "ஆல்" என்றோ 0 என்றோ இருந்தால் எங்கும் ஓடும், தமிழ்ப் பட டிவிடிகளில் அப்படி நிறைய உண்டு. புளூ-ரே என்றால் காசு கட்டுவதற்கு முன் கட்டாயம் கேட்டுவிடுங்கள். 4கே தட்டுக்கு மட்டும் இந்தப் பூட்டு இல்லை, ஆனால் அதில் அப்பா கேட்கிற படங்களை நீங்கள் தேடிக் களைத்துவிடுவீர்கள். சாதாரண புளூ-ரே கருவி ஒன்று, டிவிடியும் ஓடும், விசிடி ஓடுமா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள், எல்லா மாடலிலும் ஓடாது. பிஸ்கட் டின்னில் இருக்கும் விசிடிக்கு அது தேவை.

பூட்டும் விலைக்காகத்தான் வைத்தது. ஒரு நாட்டில் மலிவாக விற்பதை இன்னொரு நாட்டுக்காரர் வாங்கிப் பார்த்துவிடக் கூடாது என்பது எண்ணம். விசிடியில் அது இல்லாததால்தான் நம் பக்கம் அது அவ்வளவு நாள் நின்றது.

---

ஸ்க்ரூடிரைவர்_ஈப்போ பதில்:

அக்கா, எல்லோரும் கருவியைப் பற்றிப் பேசுகிறார்கள், எனக்கு உங்கள் பாட்டி கேசட்தான் கவலை. அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் ரேடியோ, டிவி, வீடியோ பழுது பார்க்கிற வேலை. நான் சொல்வதைச் செய்யுங்கள்.

அந்த கேசட்டை உங்கள் கருவியில் போட்டுப் பார்க்காதீர்கள். ஒரு தடவைகூட வேண்டாம். பீட்டாவில் கேசட்டை உள்ளே தள்ளிய உடனே கருவி நாடாவை இழுத்து உருளையைச் சுற்றி மாட்டிவிடும், நீங்கள் பொத்தானை அழுத்தும் வரை காத்திருக்காது. நாற்பது வருடத்தில் உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் பிசினாகிப் போயிருக்கும். நாடா சிக்கினால் கசங்கும், கசங்கிய இடம் திரும்பாது.

கேசட்டின் முன்மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஓரத்தில் அரிசிமாவு தூவின மாதிரி வெள்ளையாக இருந்தால் பூஞ்சணம். அப்படி இருந்தால் மற்ற கேசட்டோடு சேர்த்து வைக்காதீர்கள், தனியாக ஒரு பெட்டியில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு போடுங்கள். பிரிட்ஜில் வைக்காதீர்கள். முதலில் நாடாவைச் சுத்தம் செய்ய வேண்டும், அதற்குப் பிறகுதான் எந்தக் கருவியிலும் ஏற்றலாம்.

வீட்டில் இருக்கிற பீட்டா கருவியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சோனி பீட்டா கருவி செய்வதை 2002இல் நிறுத்தியது, கேசட் செய்வதை 2016இல். விஎச்எஸ் கருவி செய்த கடைசி கம்பெனியான ஃபுனாயும் அதே 2016இல் அதைச் செய்வதை நிறுத்திவிட்டது. எந்தப் பக்கம் ஜெயித்தது என்பதெல்லாம் இப்போது ஒரே அலமாரியில்தான். உதிரிபாகம் என்றால் இன்னொரு பழைய கருவியைத்தான் உடைக்க வேண்டும். உங்கள் கருவியில் நாடாவைப் படிக்கும் உருளைத் தலை நன்றாக இருந்தால் அதுவே தங்கம். பெல்ட் அளவு எடுத்துப் புதுசு போடலாம்.

கணினிக்கு மாற்றும்போது 720க்கு 576 புள்ளி அளவில், பதிந்த படியே எடுக்கச் சொல்லுங்கள். பெரிதாக்குகிறேன், தெளிவாக்குகிறேன் என்று யாராவது சொன்னால் அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், மூலம் ஒன்று அப்படியே இருக்கட்டும். இரண்டு டிஸ்கில் வையுங்கள், ஒன்று அண்ணன் வீட்டில் இருக்கட்டும்.

---

பழையவீடியோக்கடை பதில்:

தம்பி சொன்னது அத்தனையும் சரி. இன்னொன்று மட்டும்: மற்ற 42இல் கடை முத்திரை குத்தியவை இருந்தால் அதற்காகச் செலவழிக்காதீர்கள், அந்தப் படங்கள் வேறு எங்காவது கிடைக்கும். கையெழுத்தில் ஒட்டியவற்றை மட்டும் பிரித்தெடுங்கள். திருவிழா, பள்ளி விளையாட்டுப் போட்டி, யாருடைய வளைகாப்போ, அந்தக் காலத்தில் கேமரா வாடகைக்கு எடுத்துப் பிடித்ததெல்லாம் அதில்தான் இருக்கும்.

---

லயத்துவீட்டுப்பெண் பதில்:

டார்ச் அடித்துப் பார்த்தேன். இடது பக்கச் சுருளின் ஓரத்தில் லேசாக வெள்ளை, வலது பக்கம் சுத்தமாக இருக்கிறது. தனிப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

கையெழுத்து ஒட்டியவை ஏழு இருந்தன. ஒன்றில் அப்பாவின் எழுத்தில் "மாரியம்மன் தீமிதி 85" என்று இருக்கிறது. அதைப் பார்த்ததும் அப்பா, அந்த வருடம் தன் தம்பியும் இறங்கினார் என்றார். சித்தப்பா இறந்து இருபது வருடம் ஆகிறது.

அண்ணனோடு பேசிவிட்டேன். 4கே வேண்டாம். விசிடியும் ஓடும் சாதாரண புளூ-ரே கருவி ஒன்றை வாங்குகிறோம், மிச்சக் காசு இந்த ஏழு கேசட்டுக்கு. தம்பி, சனிக்கிழமை காலை ரயிலில் ஈப்போ வருகிறேன். பீட்டா கருவியையும் கொண்டு வருகிறேன். கனமாக இருக்குமே, நான் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று பக்கத்து வீட்டுத் தம்பி சொன்னார். அப்பா கேட்கவில்லை. தானும் கூட வருகிறாராம், கருவியை மடியில் வைத்துக்கொள்வாராம்.